பத்தாண்டு பேசாத நீதிபதி ஏன் பேச ஆரம்பித்தார்? உரையாடலில் யாருக்கு வாய்ப்பு, யாருக்கு மௌனம்

2020 மே 4ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதல்முறையாகத் தொலைபேசி வழியே ஒரு வழக்கை விசாரித்தது. கொரோனாக் காலம், ஒன்பது நீதிபதிகளும் ஒரே மேடையில் உட்கார வழியில்லை. புக்கிங் டாட் காம் என்ற இணையதளப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யலாமா என்பது வழக்கு. ஆனால் அன்று வழக்கைவிட அதிகம் பேசப்பட்டது வேறொன்று. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் கேள்வி கேட்டார்.

நீதிபதி கேள்வி கேட்பதெல்லாம் ஒரு செய்தியா? தாமஸ் விஷயத்தில் செய்திதான். 1991இல் பதவிக்கு வந்தவர் அவர். 2006 பிப்ரவரி 22இல் ஒரு கேள்வி கேட்டார். அடுத்த கேள்வியைக் கேட்டது 2016 பிப்ரவரி 29இல். நடுவில் 10 ஆண்டுகள். அந்த இடைவெளியில் 2013இல் சட்டக் கல்லூரி ஒன்றைப் பற்றி ஒரு கிண்டல் வார்த்தை மட்டும் வந்தது, அதுவே அப்போது தலைப்புச் செய்தி. 2016க்குப் பிறகும் மறுபடி மூன்று ஆண்டு அமைதி, 2019 மார்ச் வரை. அப்படிப்பட்டவர் 2020 மே மாதத்தில் இரண்டு வாரங்களில் விசாரிக்கப்பட்ட பத்து வழக்குகளிலும் கேள்வி கேட்டார்.

அப்போது அவருக்கு வயது 71. அந்த வயதில் ஒருவருடைய சுபாவம் இரண்டு வாரத்தில் மாறிவிடாது. மாறியது, யார் எப்போது பேசலாம் என்ற விதி.

வீட்டிலும் வகுப்பிலும் அலுவலகத்திலும் 'அவன் வாயே திறக்க மாட்டான்' என்று சிலருக்குப் பெயர் விழுந்துவிடுகிறது. அந்தப் பெயரில் எவ்வளவு அவர்களுடைய குணம், எவ்வளவு அந்த இடத்தின் விதி என்று பிரித்துப் பார்க்க தாமஸின் கதை நல்ல வழி. அதற்கு முன் உரையாடல் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

பேச்சு எப்படிக் கைமாறுகிறது

நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்து யார் பேசுவது என்று யாரும் அறிவிப்பதில்லை. ஆனாலும் பெரும்பாலான நேரம் ஒருவர்தான் பேசுகிறார், பேச்சு தடையில்லாமல் அடுத்தவருக்குப் போகிறது. இது எப்படி நடக்கிறது என்பதை ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்கள். இயல்பாக நடந்த உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, மூச்சு, இழுவை, இடைவெளி உட்பட எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவந்து அவர்கள் கண்ட விதிகள் மூன்று:

1. பேசிக்கொண்டிருப்பவர் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கலாம். பெயர் சொல்லியோ, கேள்வி கேட்டோ, முகத்தைப் பார்த்தோ. அப்படித் தேர்ந்தெடுத்துவிட்டால் பேசும் உரிமை அவருக்குத்தான்.

2. யாரையும் தேர்ந்தெடுக்காமல் நிறுத்தினால், முதலில் வாய் திறப்பவருக்கு அந்த முறை போய்விடும்.

3. யாருமே வாய் திறக்கவில்லை என்றால், பேசியவரே தொடரலாம்.

இரண்டாவது விதியைக் கவனியுங்கள். அது ஒரு போட்டி. யாருக்கு விஷயம் தெரியும், யார் இதுவரை பேசவில்லை, யார் வயதில் மூத்தவர் என்பதெல்லாம் அந்த விதிக்குள் இல்லை. முந்துபவருக்குத்தான் முறை.

முதல் விதியும் பேசாதவருக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. ஒருவர் பேசி முடித்ததும் தனக்கு முன் பேசியவரையே பார்த்துப் பதில் கேட்பது வழக்கம். இந்தச் சாய்வை அந்த 1974 கட்டுரையே குறிப்பிடுகிறது. ஆறு பேர் இருக்கும் அறையில் இரண்டு பேர் மட்டும் மாறி மாறிப் பேச, மற்ற நான்கு பேர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருப்பது இதனால்தான். பேச ஆரம்பித்தவருக்கே மறுபடி மறுபடி வாய்ப்பு வரும். ஆரம்பிக்காதவருக்கு நேரம் ஆக ஆகக் கதவு குறுகிக்கொண்டே போகும்.

ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு

சரி, போட்டி என்றால் எவ்வளவு வேகமான போட்டி? 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்டு ஒரு சர்வதேச ஆய்வு வந்தது. ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று அளந்தார்கள். மொத்தச் சராசரி ஏறத்தாழ 200 மில்லி விநாடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானியர்கள் எல்லோரையும்விட வேகம், சராசரியாக 7 மில்லி விநாடி. டேனிஷ் மொழிக்காரர்கள் மிக மெதுவு, 469 மில்லி விநாடி. மெதுவு என்று சொல்லப்படுபவர்களே அரை நொடியைத் தாண்டவில்லை. பத்து மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் நம்மைப் போலவே வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் ஜப்பானிய மொழிதான் முதலிடத்தில் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். வாக்கியம் முடியும்வரை பொறுத்திருந்து பிறகு பேசுவது என்பது உலகத்தில் எங்கும் நடப்பதாகத் தெரியவில்லை.

ஏன் என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒரு படத்தைக் காட்டி 'இது என்ன' என்று கேட்டால், அந்த ஒற்றைச் சொல்லை மூளை தேடி எடுத்து வாய்க்கு அனுப்பவே சுமார் 600 மில்லி விநாடி ஆகிறது. ஒரு சிறு வாக்கியத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை நொடி. ஆக, 200 மில்லி விநாடியில் பதில் சொல்கிறவர், எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே தன் வாக்கியத்தைக் கட்ட ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். காது ஒரு பக்கம் கேட்கிறது, மனம் இன்னொரு பக்கம் பதிலைத் தயாரிக்கிறது. அவர் எங்கே முடிப்பார் என்பதையும் முன்கூட்டியே கணித்துவிடுகிறது.

ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் கூடவே கொஞ்சம் ஓடித்தான் கம்பியைப் பிடிக்க வேண்டும், நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் பேருந்து போய்விடும். உரையாடலில் நுழைவதும் அப்படித்தான்.

இந்த ஓட்டத்தில் யார் பின்தங்குவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1. முழுதாகக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும் என்று நினைப்பவர். இது நல்ல பழக்கம் என்று நமக்குச் சொல்லித்தரப்படுகிறது. ஆனால் குழுவில் அவர் யோசிக்கத் தொடங்கும் நேரத்தில் பேச்சு இன்னொருவர் கைக்குப் போயிருக்கும்.

2. இரண்டாம் மொழியில் பேசுபவர். தமிழ்வழியில் படித்துவிட்டுச் சென்னையில் மென்பொருள் வேலைக்கு வந்தவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. ஆங்கிலத்தில் சொல் தேடிக் கோக்கக் கூடுதலாக அரை நொடி தேவைப்படுகிறது. இந்தப் போட்டியில் அரை நொடி என்பது மிகப் பெரிய தூரம். மதிய உணவு இடைவேளையில் அதே ஆள் தமிழில் வெளுத்துக்கட்டுவார்.

3. திக்குவாய் உள்ளவர், காது சற்று மந்தமானவர். முன்னவருக்கு முதல் ஒலியை வெளியே கொண்டுவருவதே சிரமம். பின்னவருக்கு, பேச்சு முடியப்போகிறது என்று காட்டும் சின்னக் குரல் இறக்கம் காதில் விழாது.

4. காணொலிக் கூட்டத்தில் இருக்கும் ஏறத்தாழ எல்லோரும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது, நேரில் பேசும்போது சராசரியாக 135 மில்லி விநாடியாக இருந்த இடைவெளி, ஜூமில் 487 ஆகிவிட்டது. இணைய இணைப்பின் சிறு தாமதம் ஒன்று. அதைவிட முக்கியம், அந்தத் தாமதம் மூளையின் தாளக் கணிப்பையே குலைத்துவிடுவது. 'நீங்க சொல்லுங்க', 'இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க' என்று இரண்டு பேர் மோதிக்கொள்வது இதனால்தான்.

நான்கு பேருக்கு மேல் போனால்

குழுவின் அளவும் முக்கியம். தானாகக் கூடிப் பேசும் கூட்டங்களைக் கவனித்த ராபின் டன்பரும் கூட்டாளிகளும் 1995இல் சொன்னது: ஓர் உரையாடலில் சாதாரணமாக நான்கு பேர்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். ஐந்தாவது ஆள் வந்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தலில் எட்டு நாற்காலி வட்டமாகக் கிடந்தாலும் அங்கே இரண்டு மூன்று பேச்சுகள் தனித்தனியாக ஓடுவதைப் பார்க்கலாம்.

அலுவலகக் கூட்டத்தில் அப்படிப் பிரிய அனுமதி இல்லை. பன்னிரண்டு பேரும் ஒரே பேச்சைத்தான் கேட்டாக வேண்டும். அதனால் நான்கு பேர் பேசுவார்கள், எட்டு பேர் அமைதியாக இருப்பார்கள். அந்த எட்டு பேரும் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று சொல்வது கணக்கே தெரியாத பேச்சு.

நீதிமன்றத்தில் என்ன மாறியது

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பொதுவாக ஒரு தரப்பு வழக்கறிஞருக்கு 30 நிமிடம். அவர் பேச ஆரம்பித்ததும் ஒன்பது நீதிபதிகளில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் குறுக்கிடலாம். இரண்டு நீதிபதிகள் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டாவது விதி, கலப்படம் இல்லாமல். 1986இல் அன்டனின் ஸ்கலியா நீதிபதியாக வந்த பிறகு அந்த மேடை இன்னும் சூடானது என்று சட்ட நிருபர்கள் சொல்வார்கள்.

தொலைபேசியில் இது நடக்காது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, யார் பேச வாயெடுக்கிறார் என்று ஊகிக்க முடியாது. அதனால் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் பணிமூப்பு வரிசையில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள். இது முதல் விதி. பணிமூப்பில் தலைமை நீதிபதிக்கு அடுத்து நிற்பவர் தாமஸ். முந்த வேண்டியதில்லை, யாரையும் வெட்ட வேண்டியதில்லை. பெயர் சொன்னதும் பேசினார்.

தன் மௌனத்துக்குத் தாமஸே பல காரணங்கள் சொல்லியிருக்கிறார். சக நீதிபதிகள் அளவுக்கு மீறிக் கேள்வி கேட்கிறார்கள், வழக்கறிஞரை வாதாட விட வேண்டும் என்பது ஒன்று. கொஞ்சம் பொறுத்தால் நம் மனதில் இருக்கும் கேள்வியை வேறு யாராவது கேட்டுவிடுவார்கள் என்பது இன்னொன்று. 2000ஆம் ஆண்டில் பள்ளி மாணவர்களிடம் பேசும்போது சொன்னது வேறு வகை. அவர் ஜார்ஜியா மாநிலத்தின் கடலோரத்தில், கீச்சி என்ற வட்டார மொழி பேசும் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் வகுப்பிலேயே ஒரே கறுப்பின மாணவராக இருந்தபோது அந்தப் பேச்சுவழக்கைக் கேலி செய்தார்கள். அப்போதுதான் கேட்டுக்கொண்டே இருக்கும் பழக்கம் வந்தது என்றார்.

இதில் எது உண்மைக் காரணம் என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது வீண்வேலை. மூன்றும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் கவனிக்க வேண்டியது: மேடைக்கு வெளியே அவர் கலகலப்பான மனிதர், உரத்த சிரிப்புக்குப் பெயர் போனவர். தீர்ப்புகளும் நிறைய எழுதுகிறவர். கருத்து இல்லாதவர் அல்ல, பேசத் தெரியாதவரும் அல்ல. குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட ஒரு விதியின் கீழ் மட்டும் அமைதியாக இருந்தவர்.

அதே மேடையில் இன்னொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. டோன்யா ஜேகோபி, டிலன் ஷ்வியர்ஸ் இருவரும் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். யார் யாரை வெட்டிப் பேசுகிறார்கள் என்று விசாரணைப் பதிவுகளை எண்ணினார்கள். 1990இல் ஒன்பது பேரில் ஒரே பெண் சாண்ட்ரா டே ஓ'கானர். நடந்த குறுக்கீடுகளில் 35.7 சதவீதம் அவர் மீது. 2015இல் மூன்று பெண் நீதிபதிகள், குறுக்கீடுகளில் 65.9 சதவீதம் அந்த மூவர் மீது. வெட்டியவர்களில் சக நீதிபதிகள் மட்டும் இல்லை, நீதிபதியை வெட்டக் கூடாது என்று விதி இருந்தும் வழக்கறிஞர்களும் உண்டு. நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கே இந்தக் கதி என்றால், கிளை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது வேறொரு கண்டுபிடிப்பு. பெண் நீதிபதிகள் தொடக்க ஆண்டுகளில் 'ஒன்று கேட்கலாமா', 'மன்னிக்கவும்' என்ற மாதிரித் தொடக்கங்களோடு பேசினார்கள். அந்த ஒரு நொடிதான் மற்றவர் புகுந்துகொள்ளும் சந்து. நாளடைவில் அவர்கள் அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வரப் பழகினார்கள்.

2021 அக்டோபரில் நீதிபதிகள் மறுபடி மேடைக்குத் திரும்பியபோது நீதிமன்றம் கலப்பு முறையை எடுத்துக்கொண்டது. முதலில் பழையபடி யார் வேண்டுமானாலும் கேட்கலாம், முடிவில் பணிமூப்பு வரிசையில் ஒவ்வொருவருக்கும் தனி வாய்ப்பு. இந்த மாற்றத்துக்குப் பெண் நீதிபதிகள் அதிகம் வெட்டப்படுவதைக் காட்டிய ஆய்வுகளும் ஒரு பகுதிக் காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் அந்த மாதமே வெளிப்படையாகச் சொன்னார். பழைய முறைப் பகுதியிலும் முதல் கேள்வியைத் தாமஸுக்கு விட்டுவிடுவது எழுதாத வழக்கமாகிவிட்டது. இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய விசாரணைகள் இப்போது அடிக்கடி அதைத் தாண்டுகின்றன.

பேசாதவருக்கு ஒட்டப்படும் பெயர்கள்

பேச்சு ஒருவர் கைக்கு வராததற்கு இத்தனை காரணம் இருக்க, பார்ப்பவர்கள் ஒரே காரணத்தைத்தான் எடுப்பார்கள்: அவன் குணம் அது. நம் ஊரில் இதற்குப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. உம்மணாமூஞ்சி, அழுத்தக்காரன், வாயில்லாப்பூச்சி. 'வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ' என்று ஒரு குத்தல். 'ஊமை ஊரைக் கெடுக்கும்' என்று சந்தேகம். அதே மௌனம் பெண்ணிடம் இருந்தால் பெண் பார்க்கும் நாளில் அடக்கம் என்று பாராட்டு. பத்து வருடம் கழித்து அலுவலகப் பதவி உயர்வில் அதுவே தலைமைப் பண்பு இல்லை என்ற குறிப்பு.

இன்னும் வேடிக்கை, 'பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே' என்று பதினெட்டு வருடம் வளர்த்துவிட்டு, கல்லூரி முடிக்கும் நேரத்தில் வேலைக்கான குரூப் டிஸ்கஷனில் உட்கார வைக்கிறோம். அங்கே குறுக்கே புகுந்து பேசுபவருக்குத்தான் மதிப்பெண்.

பேசும் அளவுக்கும் மதிப்புக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறார்கள். குழு வேலைகளில் அதிக நேரம் பேசியவர்களையே மற்றவர்கள் தலைவராகக் கருதினார்கள், அறிவுத்திறனையும் குணத்தையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு நின்றது என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. கலிபோர்னியா பெர்க்லியில் கேமரன் ஆண்டர்சனும் கேவின் கில்டஃபும் 2009இல் செய்தது இன்னும் சுவையானது. நான்கு பேர் கொண்ட குழுக்களுக்குக் கணக்குப் போடக் கொடுத்தார்கள். 94 சதவீதக் கணக்குகளில் குழு ஏற்ற இறுதி விடை, முதலில் யாரோ ஒருவர் சொன்ன விடை. முந்திச் சொல்லும் ஆதிக்க குணக்காரர்களைத் திறமைசாலிகள் என்று மற்றவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் அவர்கள் கணக்கில் மற்றவர்களைவிடச் சிறந்தவர்களாக இல்லை.

இதன் விளைவு தனிமனிதருக்கு மட்டும் இல்லை, குழுவுக்கும்தான். 1987இல் மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற இருவர், கூடி உட்கார்ந்து யோசனை சொல்லும் முறையைச் சோதித்தார்கள். அதே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியாக யோசித்து எழுதினால் அதிக யோசனைகள் வந்தன. பெரிய காரணம், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பது. காத்திருக்கும்போது யோசனை மறந்துபோகும், அல்லது இனி பொருந்தாது என்று தோன்றிவிடும்.

பிறகு பெயர் தானாக வேலை செய்ய ஆரம்பிக்கும். 'இவர் பேச மாட்டார்' என்று முடிவானவரை யாரும் பார்த்துக் கேட்பதில்லை. கேட்காததால் முதல் விதி அவருக்கு அடைபடுகிறது. இரண்டாம் விதி ஏற்கெனவே அடைபட்டதுதான். அபூர்வமாக அவர் வாயைத் திறந்தால் 'அட, பேசுறாரே!' என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு பார்வை போதும், அடுத்த ஆறு மாதத்துக்கு அவரை அடக்க.

அச்சம் உள்ளே புகும்போது

எல்லா மௌனத்தையும் விதியின் தலையில் கட்டிவிடவும் முடியாது. நான்கு வேறு நிலைகளைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. தனிமை விரும்பும் சுபாவம். கூட்டம் களைப்பைத் தரும், ஆனால் பயம் இல்லை. இவர் பேசாததற்கு வருந்துவதும் இல்லை. இவரை விட்டுவிடலாம்.

2. கூச்சம். பேச ஆசை உண்டு, தயக்கமும் உண்டு. பழகிய பிறகு குறைந்துவிடும்.

3. சமூகப் பதற்றக் கோளாறு. மற்றவர்கள் தன்னை மட்டமாக எடைபோடுவார்கள் என்ற அச்சம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவுகளையோ பாதிக்கும் நிலை.

4. செலக்டிவ் மியூட்டிசம். வீட்டில் நன்றாகப் பேசும் குழந்தை பள்ளியில் ஒரு வார்த்தை பேசாது. 1934இல் இதற்கு மருத்துவ உலகில் பெயர் வைத்தபோது குழந்தை வேண்டுமென்றே பேச மறுக்கிறது என்ற பொருளில்தான் வைத்தார்கள். 1994இல் பெயர் மாறியது, 2013இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதைப் பதற்ற நோய்களின் வரிசையில் சேர்த்தது. அடம் அல்ல, அச்சம் என்று ஒத்துக்கொள்ள எண்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

மூன்றாவது நிலையில் மனதுக்குள் நடப்பதை டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995இல் விளக்கிய மாதிரி இன்றுவரை சிகிச்சைக்கு அடிப்படை. அச்சம் வந்ததும் கவனம் வெளியிலிருந்து உள்ளே திரும்பிவிடுகிறது: என் குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா, உளறிவிடுவேனா. தப்பித்துக்கொள்ள அவர் சில தற்காப்புகளைக் கையாளுகிறார். சொல்லப்போகும் வாக்கியத்தை மனதுக்குள் நாலு முறை ஒத்திகை பார்ப்பது, கண்ணைப் பார்க்காமல் இருப்பது, ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வது. ஒத்திகை முடிவதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். கண்ணைப் பார்க்காததால் எதிரில் இருப்பவர் 'இவருக்கு நம்மேல் இஷ்டமில்லை' என்று நினைத்து ஒதுங்குவார். எது நடக்கக் கூடாது என்று பயந்தாரோ, தற்காப்பே அதை நடத்திவைக்கிறது.

இந்த அச்சத்துக்கு எதிரான ஒரு நல்ல செய்தி, நம் நடுக்கம் நாம் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை. மேடையில் பேசுபவர்களை வைத்து கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் சோதித்தார்கள். பேசியவர்கள் தங்கள் பதற்றம் அப்பட்டமாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள், கேட்டவர்களுக்கு அவ்வளவு தெரியவில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசவைத்தபோது பேச்சே மேம்பட்டது.

விதியை மாற்றக்கூடியவர்கள் செய்ய வேண்டியது

பேசாதவருக்குப் பயிற்சி கொடு என்பதுதான் வழக்கமான ஆலோசனை. எனக்கு அந்த வரிசை தலைகீழாகத் தெரிகிறது. விதி யார் கையில் இருக்கிறதோ அவர் முதலில் மாற வேண்டும்.

1. கூட்டம் நடத்துபவர் ஒரு சுற்றாவது பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் திடீரென்று 'நீங்க ஏன் ஒண்ணும் பேசல?' என்று கேட்பது வாய்ப்புத் தருவதாகாது, விசாரணை. 'அடுத்து உங்களிடம் வருகிறேன்' என்று முன்பே சொல்லி வைத்தால் அந்த ஒன்றரை நொடிக் கணக்கு தானாகத் தீர்ந்துவிடும்.

2. பேசும் முன் எழுதவைக்கலாம். எல்லோரும் இரண்டு நிமிடம் தாளில் எழுதிவிட்டுப் பிறகு படித்தால், முந்தியவர் சொன்னதே முடிவாகும் ஆபத்து குறையும்.

3. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பொறுத்திருக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை. அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் பல மடங்கு நீளமாயின, பதிலே வராமல் போவது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இதற்குச் செலவு இரண்டு நொடி.

4. வெட்டப்பட்டவரிடம் பேச்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'அவர் ஏதோ சொல்ல வந்தார், முடிக்கட்டும்' என்று சொல்ல அதிகாரிதான் வேண்டும் என்றில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் போதும்.

பேச வேண்டியவர் கையில் இருப்பது

கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் எதையாவது பேசிவிடுவது நல்லது, ஒரு சின்னச் சந்தேகமாக இருந்தாலும் போதும். முன்னே சொன்ன சாய்வு அப்புறம் நம் பக்கம் வேலை செய்யும். பேச்சு ஒருமுறை வந்த ஆளிடம் மறுபடி வரும்.

அனுமதி கேட்டுத் தொடங்காமல், இடம் பிடிக்கும் சொல்லோடு தொடங்கலாம். 'நான் ஒன்று சொல்லலாமா?' என்பது கேள்வி. கேள்வி கேட்டவுடன் முறை அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. 'அது வந்து…', 'அதாவது…', 'இதில் என்னன்னா…' என்பவை அப்படி இல்லை. முறை கைக்கு வந்துவிடும், வாக்கியம் பின்னால் வந்து சேரும். இவற்றை வெற்றுச் சொல் என்று மேடைப் பயிற்சியில் திட்டுவார்கள். மேடைக்கு அது சரி, உரையாடலில் அவை பயனுள்ள கருவிகள். முழு வாக்கியமும் தயாரான பிறகுதான் வாயைத் திறப்பேன் என்பதைக் கைவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

பேச்சு கடந்துபோய்விட்டால் அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. 'முன்னாடி பேசினோமே, அந்த பட்ஜெட் விஷயம்' என்று பின்னால் இழுத்துக்கொண்டு வரலாம், யாரும் தவறாக எடுப்பதில்லை. கூட்டம் முடிந்ததும் மின்னஞ்சலில் எழுதுவதும் பேச்சுதான். எட்டு பேர் கூட்டத்தில் பேச முடியாதவர் அதில் இருவரைத் தனியே பார்த்துப் பேசலாம். இரண்டு பேர் உரையாடலில் ஒருவர் நிறுத்தினால் அடுத்த முறை நமக்குத்தான், போட்டியே கிடையாது.

இதையெல்லாம் செய்தும் மாதக்கணக்கில் நெஞ்சு படபடப்பு, கூட்டம் இருக்கும் நாளில் விடுப்பு எடுப்பது, வகுப்பு மாற்றிக்கொள்வது என்று போனால் அதை உத்தியால் சரிசெய்யப் பார்க்கக் கூடாது, மருத்துவ உதவி தேவை. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் சிகிச்சை சமூகப் பதற்றத்துக்கு நன்றாகப் பலன் தருகிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசி, எங்கே போகலாம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஆளை நேரில் பார்க்கத் தயங்குபவருக்குத் தொலைபேசி கொஞ்சம் எளிது.

பள்ளியில் பேசாத குழந்தைக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. 'பேசினால் சாக்லேட்', 'பேசாவிட்டால் வெளியே நில்' இரண்டுமே அச்சத்தைக் கூட்டும். சிகிச்சையில் செய்வது இது: ஆளில்லாத வகுப்பறையில் அம்மாவோடு விளையாடிப் பேசவைப்பார்கள். அது இயல்பானதும் ஆசிரியர் கதவுக்கு வெளியே நிற்பார். பிறகு உள்ளே, தூரத்து மூலையில். அப்புறம் விளையாட்டில் சேர்வார், அம்மா மெல்ல விலகுவார். ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள்கள், சிலசமயம் வாரங்கள் ஆகும். எவ்வளவு சிறு வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு எளிது, அதனால் 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று இரண்டு மூன்று கல்வியாண்டுகளைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.